மண் புகையூட்டலுக்கு மாற்றாக மண்ணில்லா ஊடகத்தில் ஸ்ட்ராபெர்ரி: எந்த அளவுக்கு நம்பி இறங்கலாம்?

மேட்டுப்பாத்தி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஒரே நிலத்தில் பல ஆண்டுகளாக மேட்டுப்பாத்தி எடுத்து, பிளாஸ்டிக் மூடாக்கின் கீழ் சொட்டுநீர்க் குழாய் ஓட்டி ஸ்ட்ராபெர்ரி பயிரிட்டு வருகிறேன். ஒவ்வொரு நடவுக்கும் முன்னால் குளோரோபிக்ரினும் 1,3-டைகுளோரோபுரோப்பீனும் கலந்த புகையூட்டியை (வளியாகப் பரவி மண்ணின் நோய்க்காரணிகளைக் கொல்லும் நச்சு) மண்ணில் செலுத்துவதே வழக்கம். ஆனாலும் அண்மைப் பருவங்களில், காய் பிடித்துச் செடியின் சுமை கூடும் நேரமாகப் பார்த்து, பாத்தியின் ஓரங்களில் தொடங்கித் திட்டுத்திட்டாகச் செடிகள் வாடிப்போகின்றன. வெளிச்சுற்று இலைகள் முதலில் காய்கின்றன, நடுக்குருத்து மட்டும் சில காலம் பச்சையாக நிற்கிறது, கழுத்துத் தண்டை வெட்டிப் பார்த்தால் உட்புறம் பழுப்பேறிக் கறுத்திருக்கிறது. ஆய்வகத்துக்கு அனுப்பியதில் மேக்ரோபோமினா பேசியோலினா என்னும் கரியழுகல் பூஞ்சாணம் என்று உறுதி செய்திருக்கிறார்கள்.

இதோடு, வயலைச் சுற்றிக் குடியிருப்புகள் பெருகிவிட்டதால் புகையூட்டும்போது விடவேண்டிய காப்பு இடைவெளியும் கூடிவிட்டது. அந்த இடைவெளியைக் கழித்தால் புகையூட்டுவதற்கு மிஞ்சும் நிலம் பயிரின் செலவைத் தாங்குமா என்பதே ஐயமாக இருக்கிறது. எனவே மண்ணை விட்டு வெளியேறி, தேங்காய் நார்த்தூள் போன்ற ஊடகத்தில் பயிரிடலாமா என்று எண்ணுகிறேன்.

நான் தெளிவுபெற விரும்புபவை சில உண்டு. மண்வழி நோய்கள் இதனால் உண்மையிலேயே விலகிவிடுமா, அல்லது ஓரிரு பருவம் கழித்து ஊடகத்துக்குள்ளும் வந்து குடியேறிவிடுமா? ஊடகமாக நார்த்தூள் நல்லதா, பீட் கரி (சதுப்புநிலத்து மட்கு) நல்லதா, பெர்லைட் (சூட்டில் பொரிந்த எரிமலைக் கண்ணாடித் துகள்) கலக்கவேண்டுமா? மேசை போன்ற உயர்ந்த தாங்கிகள் அமைக்கப் பெருமுதல் தேவைப்படும் என்பதால், இப்போதுள்ள பாத்திகளிலேயே இதைச் செய்ய வழியிருக்கிறதா? செய்து பார்த்தவர்கள், குறிப்பாக மண்ணிலிருந்து மாறியவர்கள், விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நார்த்தூள் (பதில்)

ஐயா, ஊடகத்தைப் பற்றிய கேள்வியை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு, முதலில் தங்கள் பாசன நீரின் ஆய்வறிக்கையைக் கையில் எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நார்த்தூள், பீட் கரி, பெர்லைட், மட்கிய பைன் மரப்பட்டை ஆகிய எல்லாவற்றிலும் ஸ்ட்ராபெர்ரி நன்றாகவே வளர்கிறது. உப்பு மிகுந்த நீரிலோ அது எந்த ஊடகத்திலும் வளராது. தோட்டப் பயிர்களுள் உப்பைத் தாங்கும் ஆற்றல் மிகக் குறைந்தவற்றுள் இதுவும் ஒன்று. நீரால் நிறைத்த மண்ணிலிருந்து எடுத்த கரைசலில், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸைத் தாண்டியதுமே விளைச்சல் சரியத் தொடங்குகிறது. அதற்கு மேல் கூடும் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இழப்பு என்பது பாசன நூல்களில் நெடுங்காலமாக இருந்துவரும் கணக்கு.

மண்ணில் பயிரிடுபவருக்கு இதன் கூர்மை எளிதில் புலப்படாது, ஏனென்றால் ஒரு செடியின் வேர் பரவும் மண் பெரும் அளவினது, அதிலுள்ள களிமண்ணும் மட்கும் நம் பிழைகளைத் தாங்கிக்கொள்கின்றன. ஒரு மீட்டர் நீளப் பையில் 8 முதல் 10 செடிகளை வைக்கும் முறையில் ஒவ்வொரு செடிக்கும் கிடைப்பது ஓரிரு லிட்டர் ஊடகமே. வெயில் உச்சத்தில் விசைக்குழாய் நின்றுபோனால், மண்பாத்தியில் மறுநாள் வரை பொறுத்திருக்கும் செடி, இங்கே அன்று மாலைக்குள் தளர்ந்துவிடும். ஆகவே மின்சாரம் தடைப்பட்டாலும் ஈர்ப்பு விசையில் நீர் இறங்கும்படி ஒரு மேல்நிலைத் தொட்டி, அல்லது மாற்று மின்னாக்கி, இரண்டில் ஒன்று இல்லாமல் இதில் கால்வைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. தாங்கிகளுக்கான செலவைக் கணக்கிடும் பலர் இந்தச் செலவை மறந்துவிடுகிறார்கள்.

இனி ஊடகத்துக்கு வருவோம். நான் பயன்படுத்துவது நார்த்தூள். நீரை நன்றாகப் பிடித்துக்கொள்கிறது, காய்ந்துவிட்டாலும் பீட் கரியைப் போல நீரைத் தள்ளிவிடாமல் மீண்டும் நனைகிறது, காற்றிடமும் போதுமான அளவு இருக்கிறது. ஆனால் கழுவப்பட்டது என்று சொல்லி விற்கப்படுவதையெல்லாம் அப்படியே நம்பிவிடக் கூடாது. வெறும் நீரில் கழுவும்போது வெளியேறுவது கரைந்து நிற்கும் உப்பு மட்டுமே; நார்த்தூளின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் அப்படியே தங்கிவிடும். பிறகு நாம் உரக்கரைசலில் கால்சியம் கொடுக்கும்போது, நார்த்தூள் அந்தக் கால்சியத்தைத் தான் பிடித்துக்கொண்டு சோடியத்தையும் பொட்டாசியத்தையும் செடியின் வேரடியில் விட்டுவிடும். நடவு செய்த தொடக்க வாரங்களில் இளம் இலைகளின் நுனி கருகுவதற்கு இதுவே பல தோட்டங்களில் காரணம். கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, அதன்பின் நன்னீரில் அலசிய நார்த்தூளைக் கேட்டு வாங்குங்கள். அப்படிக் கிடைக்காவிட்டால் நடவுக்கு முன் அந்த வேலையைத் தாங்களே செய்யவேண்டும். தூள் மிக நுண்ணியதாக இருந்தால் அடிப்பகுதி சேறுபோல் நின்றுவிடும். நாரும் சிறு துண்டுகளும் கலந்த கரடான வகையோ, பெர்லைட் சேர்த்த கலவையோ அந்தக் குறையை நீக்கும்.

பாசனத்தைப் பொறுத்தவரை, ஒரு நாளைக்கு ஒருமுறை நெடுநேரம் விடும் பழக்கத்தை முற்றிலும் கைவிட்டு, சில நிமிடங்கள் மட்டும் ஓடும் சிறு சிறு பாசனங்களாகப் பிரித்துப் பகல் முழுவதும் கொடுக்கவேண்டும். விட்ட நீரில் 10 முதல் 25 விழுக்காடு வரை அடியில் வடிந்து வெளியேறவேண்டும். அந்த வடிநீரைச் சில இடங்களில் தட்டு வைத்துப் பிடித்து, அதன் அளவையும் மின்கடத்துத்திறனையும் கார அமில நிலையையும் (pH) நாள்தோறும் குறித்துவைப்பதுதான் இந்தத் தொழிலின் முதன்மையான வேலை. உள்ளே போகும் கரைசலைவிட வடிநீரின் மின்கடத்துத்திறன் 0.5 அளவுக்கு மேல் உயர்ந்து நின்றால் வேரடியில் உப்பு சேர்கிறது என்று பொருள். உடனே வடிநீரின் பங்கைக் கூட்டவேண்டும்.

இதையெல்லாம் படித்துத் தாங்கள் பின்வாங்கவேண்டும் என்பது என் நோக்கமன்று. உயரத்தில் தொங்கும் பழத்தை நின்றபடியே பறிக்கலாம், பறிப்பாளரின் முதுகு தப்பிக்கும், பழம் ஈர மண்ணைத் தொடாமல் காற்றில் தொங்குவதால் சாம்பல் பூசண அழுகலும் குறைகிறது. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் பிரிட்டனிலும் இம்முறை இத்தனை பரவியதற்கு, நோயைப் போலவே பறிப்புக் கூலியும் ஒரு பெருங்காரணம்.

வேர்நோய் (பதில்)

மேலே எழுதிய நண்பர் நீரைப் பற்றிச் சொன்ன அனைத்தையும் வழிமொழிகிறேன். நான் பயிர் நோயியல் துறையில் பணியாற்றியவன் என்பதால், நோய்கள் உண்மையிலேயே விலகிவிடுமா என்ற தங்கள் முதல் கேள்விக்கு மட்டும் விடையளிக்க முயல்கிறேன்.

புகையூட்டல் இத்தனை ஆண்டுகள் நமக்குத் தந்த பாதுகாப்பின் பெரும்பங்கு மெத்தில் புரோமைடு என்ற ஒற்றைப் பொருளால் வந்தது. அது ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து வளியாகிவிடுவதால் மண்ணின் துளைகள் அனைத்திலும் ஊடுருவி, பாத்தியின் ஓரம், ஆழம், பழைய வேர்த்துண்டின் உட்புறம் என எங்கும் சென்று சேர்ந்தது. ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் 1992-இல் மான்ட்ரியல் உடன்படிக்கையின் கோபன்ஹேகன் திருத்தத்தில் அது சேர்க்கப்பட்டு, வளர்ந்த நாடுகளில் 2005-க்குள்ளும் வளரும் நாடுகளில் 2015-க்குள்ளும் நிறுத்தப்படவேண்டும் என்று முடிவாயிற்று. கலிபோர்னியாவின் ஸ்ட்ராபெர்ரி வயல்கள் தனி விலக்குப் பெற்று அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் அதைப் பயன்படுத்தின. அதன் இடத்தை நிரப்ப வந்த மெத்தில் அயோடைடு, கலிபோர்னியாவில் 2010-இன் இறுதியில் ஒப்புதல் பெற்று, கடும் எதிர்ப்புக்கிடையே 2012-இல் உற்பத்தியாளராலேயே திரும்பப் பெறப்பட்டது. எஞ்சியிருப்பவற்றுள் குளோரோபிக்ரின் 100 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். சொட்டுக்குழாய் வழியே செலுத்தப்படும்போது நீர் சென்ற இடம் வரைதான் அதன் ஆட்சி. தங்கள் பாத்தியில் ஓரத்துச் செடிகள் முதலில் வாடுவதற்கு இதுவே விளக்கமாக இருக்கக்கூடும். மெத்தில் புரோமைடு குறைந்த பிறகுதான் கலிபோர்னியாவில் மேக்ரோபோமினாவும் பியூசேரியம் வாடலும் பெரிய நோய்களாகத் தலையெடுத்தன என்பதையும் இங்கே நினைவில் கொள்ளவேண்டும்.

மேக்ரோபோமினா, வாடல் நோய் தரும் மற்றொரு பூஞ்சாணமான வெர்ட்டிசிலியம் ஆகிய இரண்டும் நுண்ணிய கரிய உறைவித்துகளாக மண்ணில் தங்குபவை. வெர்ட்டிசிலியத்தின் உறைவித்துகள் பத்தாண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். புதிய ஊடகத்தில் இவை இரா. அந்த அளவில் தங்கள் எதிர்பார்ப்பு சரியானதே. ஆனால் நோய் வந்து சேரும் வழி மண் ஒன்று மட்டுமன்று, நாற்றும் நீரும் இருக்கின்றன.

நாற்றைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்லவேண்டும். வேரோடு பிடுங்கி மண்ணை உதறிக் கட்டுக்கட்டாக வரும் வெற்றுவேர் நாற்றுகள், பெரும்பாலும் புகையூட்டிய நாற்றங்கால் மண்ணில் வளர்ந்தவை. அத்தகைய நாற்றை வாங்கி நார்த்தூளில் நட்டுவிட்டு, புகையூட்டலைக் கைவிட்டுவிட்டோம் என்று சொல்வது பாதி உண்மையே. நம் வயலில் நடந்தது நாற்றங்காலுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நாற்றங்காலில் புகையூட்டல் சரிவர நடக்கவில்லையென்றால், அந்த வேர்களில் ஒட்டிய மண்ணோடு, வேரையும் கழுத்தையும் அழுகச் செய்யும் பைட்டோப்தோராவும் வெர்ட்டிசிலியமும் நம் பைக்குள் வந்து சேரும். கொலெட்டோட்ரைக்கம் என்னும் பூஞ்சாணமோ இலைக்காம்பில் எந்த அறிகுறியும் காட்டாமல் பதுங்கி வரக்கூடியது. ஓடுகொடியின் நுனிகளை வெட்டி, மண்ணில்லாத குழித்தட்டுகளில் வேர்விடச் செய்த நாற்றுகளைப் பெறுவதே முறையான வழி. விலை கூடுதல்தான், ஆனால் இந்த முறையில் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இதுவே.

நீரைப் பொறுத்தவரை, பைட்டோப்தோராவும் வேரழுகல் தரும் பித்தியமும் நீரில் நீந்தும் வித்துகளை உண்டாக்குபவை. திறந்த குளத்து நீரை அப்படியே சொட்டுக்குழாயில் விட்டாலும், வடிநீரைத் தூய்மை செய்யாமல் மறுசுழற்சி செய்தாலும், ஒரு செடியின் நோய் வரிசை முழுவதற்கும் பரவும். புறஊதாக் கதிர், மெதுமணல் வடிகட்டி, வெப்பமூட்டல் ஆகிய மூன்றும் நடைமுறையில் பயன்பட்டுவருபவை. மெதுமணல் வடிகட்டி பைட்டோப்தோராவையும் பித்தியத்தையும் நன்றாகத் தடுக்கும். பியூசேரியத்தின் நுண்வித்துகளை அந்த அளவுக்கு முழுமையாகத் தடுக்காது.

இன்னொன்று: கூரையின் கீழ் மழை படாமல் வளரும் செடியில், இலைமேல் வெண்பொடியாகப் படியும் சாம்பல் நோயும் சிலந்திப்பேனும் திறந்த வயலைவிட மிகுதியாக வரும். வேரின் தொல்லை குறையும்போது இலையின் தொல்லை கூடுகிறது.

தவிடு (பதில்)

முழுமையாக மண்ணை விட்டு வெளியேறுவதற்கு முன், மண்ணிலேயே செய்யக்கூடிய மாற்று வழிகளையும் தாங்கள் எண்ணிப்பார்க்கலாமே என்று தோன்றியதால் எழுதுகிறேன். எங்கள் பாத்திகளில் எக்டேருக்கு 20 டன் அளவில் அரிசித் தவிட்டைக் கலந்து, மண் நிறையும்படி நீர்விட்டு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் விரித்து மூன்று வாரம் மூடி வைக்கிறோம். தவிட்டை உண்ணும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள உயிர்வளியைத் தீர்த்துவிடுகின்றன. அதன்பின் உண்டாகும் கரிம அமிலங்களும் வளிகளும் வெர்ட்டிசிலியத்தை நன்றாகவே அடக்குகின்றன. தவிட்டிலிருந்து தழைச்சத்தும் கிடைப்பதால் அடியுரத்தைக் குறைத்துக்கொள்ள முடிகிறது. புரோக்கோலியைப் பயிர்ச் சுழற்சியில் சேர்த்து, அறுவடைக்குப் பின் அதன் கழிவை மண்ணில் மடக்கி உழுவதும் வெர்ட்டிசிலியத்தைக் குறைக்கும் வழியாக நிலைபெற்றிருக்கிறது.

ஆனால் தங்களுடையது மேக்ரோபோமினா என்பதால் ஒரு எச்சரிக்கையும் உடன் சொல்லவேண்டும். மண் போதிய அளவு சூடாக இல்லாத காலத்தில் இந்த முறையைக் கையாண்டால் மேக்ரோபோமினாவும் பியூசேரியமும் அடங்குவதில்லை. தவிட்டையே உணவாகக் கொண்டு பெருகிவிடவும் கூடும். குளிர்ந்த கடலோர வயல்களில் இம்முறை ஏமாற்றம் தந்ததற்கு இதுவே காரணம். மண் வெப்பம் 30 டிகிரியை ஒட்டி நிற்கும் பருவத்தில் பாத்தி காலியாக இருந்தால் மட்டுமே தங்களுக்கு இதைப் பரிந்துரைப்பேன்.

நீராவியால் மண்ணைச் சூடாக்குவதும் ஒரு வழிதான். 70 டிகிரியில் அரைமணி நேரம் நிறுத்தினால் பெரும்பாலான நோய்க்காரணிகள் மடிகின்றன. எரிபொருள் செலவையும் அந்த எந்திரம் வயலில் நகரும் வேகத்தையும் பார்த்தால், ஏக்கர் கணக்கில் செய்ய மனம் துணிவதில்லை.

மேட்டுப்பாத்தி

மூவருக்கும் மிக்க நன்றி. எங்கள் நடவுக்கு முந்தைய இடைவெளிக் காலத்தில் மண் வெப்பம் 30 டிகிரியை எட்டுவதில்லை என்பதால் தவிட்டு முறை எனக்குப் பொருந்தாது என்று புரிந்துகொண்டேன். நாற்றைப் பற்றி வேர்நோய் அவர்கள் எழுதியது நான் நினைத்தும் பாராத கோணம்.

நீர் ஆய்வறிக்கையை எடுத்துப் பார்த்தேன். கிணற்று நீரின் மின்கடத்துத்திறன் 0.6. லிட்டருக்கு மில்லிகிராம் அளவில் பைகார்பனேட் 240, குளோரைடு 60, சோடியம் 45, கால்சியம் 50, மக்னீசியம் 14. கார அமில நிலை 7.7. இந்த நீரைக் கொண்டு தொடங்கலாமா? பைகார்பனேட்டைக் குறைக்க அமிலம் சேர்க்கவேண்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எந்த அமிலம், எவ்வளவு என்பதை எப்படிக் கணக்கிடுவது?

நார்த்தூள் (பதில்)

தொடங்கலாம், ஆனால் வடிநீரைத் திருப்பி விடாத திறந்த முறையில் மட்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அமிலத்தைப் பார்ப்போம்.

பைகார்பனேட் 61 மில்லிகிராம் என்பது 1 மில்லிசமானம், அதாவது இங்கே 1 மில்லிமோல் அமிலம் நடுநிலையாக்கும் அளவு. ஆகவே தங்கள் நீரில் இருப்பது ஏறத்தாழ 4. முழுவதையும் நீக்கிவிட்டால் கார அமில நிலை கட்டுக்கடங்காமல் கீழே விழும் என்பதால் 0.7 அளவுக்கு விட்டுவைத்து, மிச்சமுள்ள 3.3-ஐ அமிலத்தால் நடுநிலையாக்கவேண்டும். இது முழுவதையும் பாஸ்பாரிக் அமிலத்தால் செய்தால் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் பாஸ்பரஸ் போய்ச் சேரும். செடிக்குத் தேவையானதைப் போல இருமடங்குக்கும் மேல் அது, இரும்பும் துத்தநாகமும் கிடைப்பதையும் கெடுக்கும். எனவே 1 மில்லிமோல் பாஸ்பாரிக் அமிலம், 2.3 மில்லிமோல் நைட்ரிக் அமிலம் என்று பிரித்துக்கொள்ளலாம். அப்போது பாஸ்பரஸ் தேவை அமிலத்திலிருந்தே நிறைவேறிவிடும். நைட்ரிக் அமிலத்திலிருந்து லிட்டருக்கு 32 மில்லிகிராம் தழைச்சத்து வரும், அதைப் பொட்டாசியம் நைட்ரேட், கால்சியம் நைட்ரேட் கணக்கில் கழித்துக்கொள்ளவேண்டும். கரைசலின் கார அமில நிலை 5.5-க்கும் 6.2-க்கும் இடையில் நிற்கிறதா என்பதைக் கருவியால் பார்த்துத்தான் இறுதி அளவை முடிவு செய்யவேண்டும், தாளில் போட்ட கணக்கு தொடக்கப் புள்ளி மட்டுமே. நைட்ரிக் அமிலம் மிகக் கொடியது. அமிலத்தைத்தான் நீரில் ஊற்றவேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் இல்லாதவர் அந்த அறைக்குள் நுழையவே கூடாது.

அமிலம் சேர்த்த பின்னும் நீரின் மின்கடத்துத்திறன் 0.6-ஐ ஒட்டியே இருக்கும், ஏனென்றால் பைகார்பனேட் போன இடத்தில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வந்து அமர்கின்றன. செடிக்குக் கொடுக்கும் கரைசல் மொத்தம் 1.3 அல்லது 1.4-இல் நிற்கவேண்டும் என்று வைத்துக்கொண்டால், தங்களுக்கு உரம் சேர்க்க எஞ்சியிருக்கும் இடம் 0.8-க்கு மேல் இல்லை. கால்சியம் 50, மக்னீசியம் 14 என்பவை நீரிலேயே இலவசமாகக் கிடைப்பதால் இந்தக் குறுகிய இடத்திலும் ஒரு நல்ல சத்துக் கலவையை அமைத்துவிடலாம். குறைவாகப் பயன்படும் உப்புகளை, குறிப்பாகக் குளோரைடு உரங்களை, அறவே தவிர்த்துவிடுங்கள்.

சோடியம்தான் இடையூறு. லிட்டருக்கு 45 மில்லிகிராமைச் செடி தொட்டும் பார்க்காது. திறந்த முறையில் அது வடிநீரோடு வெளியேறிவிடும். மறுசுழற்சியில் ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்துகொண்டே போய், சில வாரங்களில் கரைசலைக் கொட்டித்தீர்க்கும் நிலைக்குத் தள்ளிவிடும். கூரை அமைத்தால் அதில் விழும் மழைநீரைச் சேமித்துக் கிணற்று நீரோடு சரிபாதி கலந்துவிடுங்கள். சோடியம் பாதியாகிவிடும், அமிலத்தின் தேவை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். திறந்த முறையில் வெளியேறும் வடிநீரில் நைட்ரேட் இருப்பதால் அதை வாய்க்காலில் விடாமல் வேறொரு பயிருக்குப் பாய்ச்சவேண்டும் என்பதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடர்கரைசல் தொட்டிகள் இரண்டாக இருக்கவேண்டும். கால்சியம் நைட்ரேட்டும் இரும்பும் ஒன்றில், சல்பேட்டுகளும் பாஸ்பேட்டுகளும் மற்றொன்றில். இரண்டும் அடர்த்தியாகச் சேர்ந்தால் சுண்ணாம்புபோல் படிந்து சொட்டுவாய்கள் அடைபடும். தங்கள் நீரின் காரத்தன்மையைப் பார்க்கும்போது, அமிலம் தவறிய நாள்களிலும் ஓரளவு நிலைத்து நிற்கும்படி இடிடிஏ இரும்புக்குப் பதில் டிடிபிஏ இரும்பை வாங்குவது நல்லது (இரண்டும் இரும்பைப் படியவிடாமல் கரைந்த நிலையில் பிடித்துவைக்கும் சேர்மங்கள்).

நுனிக்கருகல் பற்றியும் ஒரு சொல். கரைசலில் கால்சியம் போதுமான அளவு இருந்தும் இளம் இலையின் நுனி கருகினால், உடனே மேலும் கால்சியம் சேர்க்காதீர்கள். விரியாத இலைக்குக் கால்சியம் போய்ச் சேர்வது பெரும்பாலும் இரவில், வேரின் அழுத்தத்தால். விடியற்காலையில் இலை விளிம்பில் நீர்முத்துகள் வரிசையாக நின்றால் அந்த அழுத்தம் நன்றாக இருக்கிறது என்று அறியலாம். மாலையில் ஊடகம் மிகவும் காய்ந்துவிட்டாலோ, உப்பு ஏறிவிட்டாலோ, இரவுக் காற்று வறண்டிருந்தாலோ அந்த முத்துகள் தோன்றுவதில்லை. மாலையில் ஒரு சிறு பாசனம் கூடுதலாகக் கொடுத்தாலே பல தோட்டங்களில் இந்தத் தொல்லை தீர்ந்துவிடுகிறது.

பள்ளவரிசை (பதில்)

தாங்கி இல்லாமல், இருக்கும் பாத்தியிலேயே செய்ய முடியுமா என்ற கேள்விக்கு இதுவரை யாரும் விடை எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். முடியும். மேட்டுப்பாத்தியின் நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளம் எடுத்து, அதில் நீர் கசியும் நெய்துணி விரித்து, அதற்குள் ஊடகத்தை நிரப்பி, மேலே வழக்கம்போல் சொட்டுக்குழாயும் பிளாஸ்டிக் மூடாக்கும் போடும் முறை இது. கலிபோர்னியாவில் புகையூட்டலுக்கு மாற்றுத் தேடியபோது ஆய்வாளர்கள் இதைத் தனியாகவே சோதித்துப் பார்த்தார்கள். அங்கே உள்ள பாத்தி அமைப்பையும் எந்திரங்களையும் மாற்றாமல் ஊடகத்தை மட்டும் மாற்றலாமா என்பதே அவர்கள் எண்ணம்.

இதன் நன்மை செலவு மட்டுமன்று. சுற்றிலும் மண் இருப்பதால் ஊடகத்தின் வெப்பம் பகலில் மிகவும் ஏறுவதில்லை, இரவில் மிகவும் இறங்குவதில்லை. தொங்கும் பைகளில் வெயில் நாளில் வேர் வேகும் தொல்லை இங்கே இல்லை. தரைமேல் கிடக்கும் கரிய குழாயில் முதல் பாசனத்தின்போது சூடான நீர் வருவதை மட்டும் மூடாக்கின் கீழே புதைத்துத் தவிர்க்கவேண்டும்.

குறைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். வடிநீரைத் தனியாகப் பிடிக்க முடியாது, ஆகவே மேலே நண்பர் சொன்ன வடிநீர் அளவீட்டைச் சில இடங்களில் தட்டு புதைத்துத்தான் செய்யவேண்டும். துணி நெருக்கமான நெசவாக இல்லாவிட்டால் வேர் அதைத் துளைத்து அடிமண்ணுக்குப் போய்விடும். தங்கள் அடிமண்ணில் காத்திருப்பது மேக்ரோபோமினா. பெருமழையில் நடைபாதையின் சேற்றுநீர் பாத்திமேல் ஏறினால் அதே நோய் மேல்வழியாக வந்து சேரும். பறிப்பாளர் குனிந்தே பறிக்கவேண்டியிருப்பதால் கூலியில் எந்த மிச்சமும் இல்லை. நல்ல வடிகாலும் உயரமான பாத்தியும் உள்ள நிலத்துக்கு மட்டுமே இது ஏற்றது என்பது என் மதிப்பீடு.

மேட்டுப்பாத்தி

பள்ளவரிசை அவர்களுக்கு நன்றி. புகையூட்ட அனுமதியில்லாத காப்பு இடைவெளிப் பகுதியில் மட்டும், இந்தப் பள்ள முறையைக் குழித்தட்டு நாற்றோடு இந்தப் பருவம் செய்து பார்ப்பது என்றும், மழைநீர்த் தொட்டியை முதலில் கட்டுவது என்றும் எண்ணியிருக்கிறேன். ஊடகத்தை எத்தனை பருவம் பயன்படுத்தலாம்? இடையில் நோய் வந்துவிட்டால் அந்த நார்த்தூளை வயலில் பரப்பிவிடலாமா?

வேர்நோய் (பதில்)

நார்த்தூள் பொதுவாக இரண்டு மூன்று பருவம் தாங்கும். அதற்குள் இழை நொறுங்கி அடியில் இறுகி, காற்றிடம் குறைந்துவிடும். நோய் காணாத நார்த்தூளை வயலில் பரப்புவது மண்ணுக்கு நல்லதே.

நோய் கண்டிருந்தால் பரப்பவே கூடாது. பழைய செடியைப் பிடுங்கும்போது அறுபட்டு உள்ளே தங்கும் வேர்த்துண்டுகளில்தான் மேக்ரோபோமினாவின் உறைவித்துகள் நிறைந்திருக்கும். ஆனால் தவிடு அவர்கள் மண்ணுக்குச் செலவு மிகுதி என்று ஒதுக்கிய நீராவி, இங்கே கைகொடுக்கும். ஊடகத்தின் அளவு சிறிது, எடை குறைவு, துளைகள் மிகுதி. பள்ளத்திலிருந்து அள்ளி ஒரு மூடிய வண்டியில் நிரப்பி நீராவி செலுத்தினால் விரைவில் சூடேறும். குவியலின் நடுவிலும் மூலைகளிலும் வெப்பமானியைச் செருகி, மிகக் குளிர்ந்த மூலையும் 70 டிகிரியை எட்டி அரைமணி நேரம் நின்ற பிறகே திறக்கவேண்டும். வண்டியில் நிரப்புவதற்கு முன் பெரிய வேர்க்கட்டிகளைச் சலித்து அகற்றிவிடுங்கள், தடித்த கட்டியின் உட்புறம் சூடேறப் பிந்தும். ஆறிய ஊடகத்தை மண்ணில் கொட்டிவைக்காமல், கழுவிய வண்டியிலேயே மறுநடவு வரை மூடி வைக்கவேண்டும். நோய் கண்ட பாத்தியில் பயன்படுத்திய மண்வெட்டியையும் காலணியையும் புதிய வரிசைக்குள் கொண்டுவராமல் இருப்பதற்குப் பணியாளர்களிடம் இப்போதே சொல்லிவையுங்கள். காப்பு இடைவெளிப் பகுதி பழைய பாத்திகளை ஒட்டியே இருப்பதால், அங்கே வேலையை முடித்துவிட்டுப் பழைய பாத்திக்குப் போகலாமே தவிர, திரும்பி வரக் கூடாது.